என் மகள் மண் தின்ற வருடம்

பிள்ளையார் சதுர்த்தி கழிந்த மூன்றாம் நாள், கிணற்றில் விடுவதற்காகப் பிள்ளையாரை மாடத்திலிருந்து எடுத்தேன். தும்பிக்கையைக் காணவில்லை. வலது காதிலும் பாதி இல்லை. பூவும் அருகம்புல்லும் குவிந்து கிடந்ததால் இரண்டு நாளாக யார் கண்ணிலும் அது படவில்லை.

அது சூளையில் வேகாத பச்சைப் பிள்ளையார். என் கணவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தார். கரைத்த வெள்ளை மண்ணை அச்சில் ஊற்றிப் பொம்மை எடுக்கும் வேலை. சதுர்த்தி வந்தால் அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு பிள்ளையாரை வார்த்து, தண்ணீரில் கரைய வேண்டுமே என்று வேகவைக்காமல் அப்படியே வீட்டுக்கு எடுத்து வருவார்கள்.

“எலி கடிச்சிருக்கும்” என்றார் அவர்.

“எலி வெள்ள மண்ணத் திங்குமாங்க?”

எங்கள் மகள் கதவோரத்தில் நின்றிருந்தாள். அப்போது அவளுக்கு நான்கு வயது. உதட்டின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு காய்ந்திருந்தது.

“வாயத் தொற” என்றேன்.

திறந்தாள். நாக்கு முழுக்க வெள்ளை. கடைவாய்ப் பல்லில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

“புள்ளையாரு நல்லாருக்காரும்மா” என்றாள்.

அவர் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா, பட்டறைக்குப் போய்ச் சொல்லியும் விட்டார். சாயங்காலத்துக்குள் தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லாம், “என்னா டீச்சர், உங்க பொண்ணு சாமியையே முழுங்கிட்டாளாமே?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்கு எத்தனை நாள் புன்னகை செய்தேன் என்று இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் அது முதல் தடவை அல்ல. நாங்கள் பார்த்த முதல் தடவை, அவ்வளவுதான்.

பிறகு கவனித்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. அவர் விளையாடக் கொண்டுவந்து கொடுத்த வேகாத பொம்மைகளில் ஒன்றுக்குக்கூட மூக்கு இல்லை. மயிலுக்குக் கொண்டை இல்லை. என் பையில் இருந்த சாக்பீஸ் குறைந்திருந்தது. அடுப்படிச் சுவரில், சரியாக அவள் உயரத்துக்கு, சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு குழி விழுந்திருந்தது. மழையில் பெயர்ந்தது என்று நான் நினைத்திருந்த குழி.

மண் தின்னும் பிள்ளையை வேறு எந்த ஊரில் வேண்டுமானாலும் வைத்துக் காத்துவிடலாம். எங்கள் தெருவில் முடியாது. பட்டறைகளுக்குப் போகும் வண்டிகளிலிருந்து வெள்ளை மண் கட்டி கட்டியாக ரோட்டில் சிந்திக் கிடக்கும். காற்று அடித்தால் கொடியில் காயும் துணியில் படியும். அவர் வேலை முடிந்து வந்தால் முழங்கை வரை வெள்ளையாகத்தான் வருவார். அவள் வாசலுக்கே போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். பாசம் என்று நினைத்துப் பூரித்துப் போயிருந்தேன். அவள் விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

நான் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடம் விடும் வரை மகளை என் நாத்தனார்தான் பார்த்துக்கொண்டார். என் கணவரின் அக்கா, எதிர் வீடு. நல்ல மனுஷி. ஆனால் அவருக்குத் தெரியாத வைத்தியம் உலகத்தில் இல்லை. வயிற்றில் பூச்சி என்று வேப்பெண்ணெய் கொடுத்தார். கண்ணு பட்டிருக்குது என்று மிளகாய் சுற்றிப் போட்டார். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திருநீறு பூசிக் கூட்டி வந்தார். அவள் வரும் வழியிலேயே நெற்றித் திருநீற்றை வழித்துத் தின்றுவிட்டாள். தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாலு சாத்து சாத்தினால் சரியாகும் என்றாள் ஒருத்தி. நாக்கில் சூடு இழுக்கச் சொன்னாள் இன்னொருத்தி. என் கணவர் மட்டும் எதற்கும் பதறவில்லை.

“சின்ன வயசுல நானும்தான் மண்ணு தின்னேன். இப்ப என்னா கொறஞ்சு போயிட்டேன்?”

“கொறஞ்சதாலதாங்க இப்பிடிப் பேசுறீங்க” என்பேன்.

எல்லாரும் இப்படி இருந்தார்கள் என்று சொல்கிறேனே, நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் திரும்பிப் பார்த்தால், வாசலில் கரைந்து ஓடும் வெள்ளைச் சேற்றைக் கையில் அள்ளிக் கஞ்சி குடிப்பது போல் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அவளை உள்ளே இழுத்து வந்து, என் பழைய சேலையில் ஒரு துண்டைக் கிழித்து, இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். வலிக்காமல்தான் கட்டினேன். அதைச் சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது என்றும் தெரியவில்லை.

“அண்ணி, இன்னிக்கு மத்தியானமே நான் வந்துடுவேன். அது வரைக்கும் அவுக்காதீங்க. சோறு நீங்களே ஊட்டிவுடுங்க” என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

மத்தியானம் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, நாத்தனார் முற்றத்தோரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மகள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கட்டு அவிழவில்லை. கைகள் மடியில் இருந்தன. சுவரில் ஈரமாக ஒரு வட்டம். நாக்கால் நக்கி நக்கி உண்டான ஈரம். நான் வந்த சத்தம் கேட்டுத் திரும்பியவளின் மேல் உதட்டில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“ஏன் அண்ணி பாத்துக்கிட்டு இருந்தீங்க?”

“நீதானம்மா அவுக்காதன்னு சொன்ன?”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அந்தக் கட்டை அவிழ்க்க எனக்கு வெகுநேரம் பிடித்தது; ஈரத்தில் முடிச்சு இறுகிப் போயிருந்தது. மகளுக்கு அந்த வருடத்தில் நடந்த வேறு எதுவும் இன்று நினைவில் இல்லை. தன் பிள்ளைகளிடம், “எங்கம்மா என் கையக் கட்டிப் போட்டாங்க தெரியுமா?” என்று மட்டும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அதில் சிரிக்க எதுவும் கிடைப்பதில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளை ஒரு லேடி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். நடக்க விட்டால் தெருக்கோடி வருவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். அது கொஞ்ச நாளாகவே அப்படித்தான். சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அம்மா நடுத்தர வயது. அதிகம் பேசாதவர். நான் மண் கதை முழுவதையும் ஒப்பித்து, “எப்பிடியாவது இந்தக் கெட்ட பழக்கத்த நிறுத்தணும் டாக்டர்” என்று முடித்தேன். அவர் மகளின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“இங்க என்னா கலர் தெரியுது?”

“வெள்ளையா இருக்குதுங்க.”

“உங்க மக கையப் பாருங்க. நகம் எப்பிடி இருக்குது?”

பார்த்தேன். தினமும் நகம் வெட்டி விடுகிறவள் நான். நகம் நடுவில் குழிந்து, ஓரம் தூக்கி, சின்னக் கரண்டி மாதிரி இருந்தது. அதை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

“கெட்ட பழக்கம்னு சொன்னீங்களே, அது பழக்கம் இல்லம்மா. ஒடம்புல இரும்புச் சத்து இல்ல. அதனால ரத்தம் ஊறல. ரத்தம் இல்லாத புள்ளைங்களுக்கு இந்த மாதிரி மண்ணு, சாம்பல், சுண்ணாம்புன்னு நாக்கு தேடும். நீங்க அடிச்சாலும் தேடும், கட்டிப் போட்டாலும் தேடும்.”

கட்டிப் போட்டதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எனக்கு முகம் சுட்டது.

“இவ்ளோ வெளுத்துப் போயிருக்குது, வூட்டுல யாருமே பாக்கலியா?”

பார்த்தோம். எல்லாருமே பார்த்தோம். என் கணவரும் கறுப்பு, நானும் மாநிறம். பிறந்தபோது மகளும் எங்கள் நிறம்தான். மூன்று வயதுக்கு மேல் வெளுக்க ஆரம்பித்ததும் தெருவே கொண்டாடியது. “வளர வளரக் கலரு ஏறுது பாரு”, “மாப்புள்ள தேடி வருவான் டீச்சர்” என்றெல்லாம் சொன்னார்கள். நாத்தனார், தான் தினமும் பயத்தம்மாவு தேய்த்துக் குளிப்பாட்டுவதுதான் காரணம் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். பிள்ளை ரத்தமில்லாமல் வெளுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கூடி நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தோம்.

“என்ன சாப்புடுவா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. “பால் நெறையக் குடிப்பா டாக்டர். காலைல, பத்து மணிக்கு, மத்தியானம், சாயங்காலம். சோறுதான் எறங்காது. அதனால பாலு, அதுல ரெண்டு பிஸ்கட்டு. பாலுக்கு நான் கொற வெச்சதே இல்ல.”

“காப்பி?”

“எங்களோட சேந்து ஒரு டம்ளர் குடிப்பா.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “பால்ல எல்லாம் இருக்குதும்மா, இரும்பு மட்டும் பேருக்குத்தான். வயிறு முழுக்கப் பாலு இருந்தா சோறு எங்க எறங்கும்? கீர எங்க எறங்கும்? இதுல காப்பி வேற. கொஞ்ச நஞ்சம் உள்ள போற இரும்பையும் அது புடிச்சு வெச்சுக்கும். செருப்பு போடுறாளா?”

“போட மாட்டேங்குறா.”

“வெளிக்கு எங்க போறா?”

“ரயில் ரோட்டுப் பக்கம், தெடல்ல.”

“அப்ப வயித்துல கொக்கிப் புழுவும் இருக்கும். கால் வழியா ஏறும். உள்ள இருந்துக்கிட்டு ரத்தத்தக் குடிக்கும். நீங்க என்ன வேல பாக்குறீங்க?”

“டீச்சர்” என்றேன். அதற்கு முன்பும் பின்பும் அந்த வார்த்தையை அவ்வளவு மெல்லச் சொன்னதாக நினைவில்லை.

என் வகுப்பில் ஒரு படம் தொங்கியது. சரிவிகித உணவு. வருடம் தவறாமல் ஸ்கேலை வைத்துத் தட்டித் தட்டி நடத்துவேன். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், பி குறைந்தால் வாய்ப்புண், சி குறைந்தால் பல் ஈறில் ரத்தம், டி குறைந்தால் கால் வளையும். பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்வார்கள். படத்தில் ஒரு ஆப்பிளும் ஒரு காரட்டும் பளபளவென்று இருக்கும். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் இரண்டையும் கண்ணால் பார்த்ததில்லை. இரும்பைப் பற்றியும் அதில் ஒரு வரி இருந்தது. கீரை, வெல்லம், கேழ்வரகு, ஈரல் என்று. அந்த வரிக்கு வரும்போது பெரும்பாலும் மணி அடித்துவிடும். படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

பூச்சி மருந்தும் இரும்பு டானிக்கும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். டானிக்கைப் பாலோடு கொடுக்கக் கூடாது, எலுமிச்சைச் சாற்றில் கலந்து கொடுக்க வேண்டும், மூன்று மாதம் விடக் கூடாது. “வெளிக்குக் கறுப்பாப் போகும். பயந்துடாதீங்க. மருந்து உள்ள போகுதுன்னு அர்த்தம்” என்றார். இந்தக் கடைசி வார்த்தைதான் பின்னால் எனக்குக் கை கொடுத்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். பாலை நிறுத்தியதும் தெருவே திரண்டது. சம்பாதிக்கிற திமிரில் பிள்ளைக்குப் பாலை நிறுத்திவிட்டாள் என்று பேச்சு. காலையில் ஒரு டம்ளர் மட்டும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. கேழ்வரகுக் கூழைத் துப்பினாள். முருங்கைக்கீரையை ஒவ்வொரு இலையாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள். அவளுக்குப் பொறுமை இருந்தது. மண்ணைத் தின்னும் வாய்க்குக் கீரை கசந்தது.

ஆட்டு மண்ணீரலைச் சுட்டுக் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். சுவரொட்டி என்பார்கள். எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் தொல்லை. ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டி. ஊரில் மாசமாக இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கறிக்கடை முன்னால் போய் நிற்பேன். “அந்தப் புள்ளத்தாச்சிக்குச் சொல்லிட்டேன் டீச்சர், நீங்க அடுத்த வாரம் வாங்க” என்பார் கடைக்காரர். மூன்றாவது வாரம் கடையிலேயே சத்தம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்த பையனின் அப்பா அவர். இலையில் சுற்றிக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்க்காமல் வாங்கி வந்தேன். அதை மகள் ருசித்துத் தின்றாள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவள் என்னைச் சோதிக்கவில்லை.

டானிக்குக்கு வருகிறேன். காலை வேளை நான் கொடுப்பேன். மத்தியான வேளை நாத்தனார். துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல் இருக்கும் போலிருக்கிறது. ஒவ்வொரு வேளையும் மூக்கைப் பிடித்து, காலை இடுக்கித்தான் ஊற்ற வேண்டும். பல் கறுத்தது. டாக்டர் சொன்னபடியே வெளிக்குக் கறுப்பாகப் போனது. ஒரு மாதம் ஓடியது. பாட்டில் தீர்ந்து இரண்டாவது வாங்கினோம். ஆனால் மகளிடம் மாற்றம் இல்லை. இமையை இழுத்துப் பார்த்தால் அதே வெள்ளை. பட்டறை மண்ணை அதே போல் தேடினாள்.

பிறகு ஒரு லீவு நாளில் திடலுக்கு நானே கூட்டிப் போனேன். வெளிக்குப் போனதில் கறுப்பு இல்லை. முந்தின வாரம் முழுக்க நான் புத்தூக்கப் பயிற்சி வகுப்புக்குக் கடலூர் போய்வந்ததால், மருந்து இரண்டு வேளையும் நாத்தனார் பொறுப்பில் இருந்தது. பாட்டிலைப் பார்த்தேன். மருந்து சரியாகக் குறைந்திருந்தது. பிள்ளைக்குள் போகாமல் அது எங்கேதான் போனது?

நேராக எதிர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். நாத்தனார் மறைக்கவில்லை. “கரி மாதிரி போவுதும்மா. உள்ள எல்லாம் வெந்து போச்சோன்னு எனக்குப் பகீர்னு இருந்துச்சு. ஊத்துறதுக்குள்ள அது கத்துற கத்துல ஈரக்கொலையே நடுங்குது. அதான் கொல்லையில வாழ மரத்துக்கிட்ட ஊத்திட்டு, சக்கரத் தண்ணி குடுத்தேன்.”

“எத்தன நாளா?”

“முன்னாடியே மத்தியான வேளைய நிறுத்திட்டேன். நீ ஊருக்குப் போனதுலேருந்து காலையும் குடுக்கல. தம்பிகிட்டச் சொல்லிட்டுத்தான் செஞ்சேன்.”

தம்பி என்றது என் கணவரை. அவர் அன்று வேலை முடிந்து வந்து கைகழுவும் வரைகூட எனக்குப் பொறுமை இல்லை.

“உங்களுக்குத் தெரியுமா?”

“அழுவுது. பாவமா இருக்குது. ஒரு வாரம் உட்டா என்னா ஆயிடப் போவுதுன்னு நெனச்சேன்.”

“பாவமா? உங்க எல்லாருக்கும் அது மேல பாசம், எனக்கு மட்டும் இல்லியா? நான் ஒருத்திதான் மூக்கப் புடிச்சு ஊத்தணுமா? நாளைக்கு மயங்கி வுழுந்தா அப்ப எல்லாரும் கூடி நின்னு பாவம்னு சொல்லுங்க!”

தெரு கேட்கக் கத்தினேன். கொடுமைக்காரர்களோடு சண்டை போட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். இவர்கள் இரண்டு பேரும் பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அவர்களிடம் எதைச் சொல்லி ஜெயிப்பது? கடைசியில் என் கணவர்தான், கையில் மண் காய்ந்து வெடிக்கும் வரை நின்றிருந்துவிட்டு, “குடு, நான் ஊத்துறேன்” என்றார். அன்றிலிருந்து மத்தியானம் பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கு வரும்போது அவரே ஊற்றினார். கை கழுவிவிட்டு ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் நான் தினமும் சொல்ல வேண்டியிருந்தது.

தை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையன் அழுதுகொண்டே வந்தான். என் மகள் அவனைத் துரத்திக்கொண்டு போய் முதுகில் கடித்துவிட்டாளாம். அடிக்கக் கை ஓங்கிய நான் நின்றுவிட்டேன். துரத்திக்கொண்டு போனாளா? ஓடினாளா? அவளை உட்கார வைத்து இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே லேசாக, மிக லேசாக, ரோஜா நிறம். மண் தின்பது எந்த நாளில் நின்றது என்று எங்கள் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கரைத்து வைத்த சுண்ணாம்பை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. அதன் பின் சாப்பாட்டுக்கு மேல் சாப்பாடு கேட்டாள், சண்டை போட்டாள், செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தாள், பழையபடி கறுத்தாள். “கலரு போயிடுச்சே” என்று நாத்தனார் அங்கலாய்த்தார்.

மகள் கதை இத்தோடு முடிந்தது. ஆனால் எனக்கு அது முடியவில்லை.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். கடைசி பெஞ்சு. பாதி நேரம் தூங்குவாள். சாக்பீஸ் திருடி. அந்த வருடம் ஆரம்பத்திலேயே அவளிடம் சாக்பீஸைக் கையும் களவுமாகப் பிடித்து, புறங்கையில் ஸ்கேலால் அடித்து, பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்திருக்கிறேன். நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள், அதற்கும் அடித்தேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். அடிக்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கையில் நகங்கள் குழிந்திருந்தன.

“சாக்பீஸ எடுத்து எழுதுவியா?”

“இல்லைங்க டீச்சர்.”

“பின்ன?”

தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று மூன்றாம் வகுப்பு முழுவதையும் வரிசையில் நிறுத்தி இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்த கண்கள் வரிசையில் வந்துகொண்டே இருந்தன. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஒருவர் கண்ணை ஒருவர் இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். என் நேரம், அடுத்த வாரமே ஊரில் கண்வலி வந்துவிட்டது. டீச்சர் எல்லார் கண்ணையும் நோண்டியதால்தான் வந்தது என்று பெற்றவர்கள் தலைமை ஆசிரியரிடம் போய் நின்றார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்திருக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நடுவே நான் கை கழுவவில்லை. “பாடத்த மட்டும் நடத்துங்கம்மா” என்றார் தலைமை ஆசிரியர்.

அந்தச் சிறுமியின் அம்மாவை மட்டும் தேடிப் போனேன். பட்டறைகளுக்கு மண் சுமப்பவள். புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். “கஞ்சிக்கே வழி இல்லைங்க டீச்சர், இதுல இரும்புக்கு எங்கிட்டுப் போறது?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு விவரம் புரியவில்லை என்பது போலச் சொன்னாள். நானே சிறுமியை டாக்டரிடம் கூட்டிப் போய்ப் பூச்சி மருந்து கொடுக்க வைத்து, மூன்று மாதத்துக்கு மாத்திரை வாங்கி வந்தேன். அதற்குள் அவர்கள் பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மூட்டை முடிச்சுக்கு நடுவே நின்று, தினம் ஒன்று, சோறு தின்ற பிறகு, காப்பி டீயோடு வேண்டாம் என்று நாலு தடவை சொன்னேன். அம்மாக்காரி நாலு தடவையும் தலையாட்டினாள்.

கோடை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று வந்தார்கள். சிறுமியின் இமையை இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் தேறியிருந்தாள். ஆனால் மூன்று மாதம் மாத்திரை தின்ற பிள்ளையின் கண் அல்ல அது.

“மாத்திரை எல்லாத்தையும் சாப்புட்டாளா?”

“தீந்துடுச்சுங்க டீச்சர்.”

“இவளே சாப்புட்டாளான்னு கேக்குறேன்.”

“இல்லைங்க. நாலு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம்.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பள்ளிக்கூட வாசல் என்றும் பார்க்கவில்லை. “இது என்னா பொரி உருண்டையா, பங்கு போட? ஒருத்திக்குக் குடுத்த மருந்த நாலு பேரு தின்னா யாருக்குக் கேக்கும்? எத்தன தடவ சொன்னேன்? தலைய தலைய ஆட்டுனியே!”

நான் முடிக்கும் வரை அவள் காத்திருந்தாள்.

“கரும்புக் கட்டத் தூக்குனா எனக்கும் கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்க. சின்னவன் அடுப்புச் சாம்பலத் திங்கிறான். இவளுக்கு மட்டும் குடுத்தா மத்தது ரெண்டும் கைய நீட்டிக்கிட்டு நிக்குதுங்க. எப்பிடிங்க குடுக்காம இருக்கிறது?”

நாத்தனாரிடம் கத்தினேன், கணவரிடம் கத்தினேன், கறிக்கடையில் கத்தினேன். இவளிடம் மேற்கொண்டு கத்த வாய் வரவில்லை. கிட்டே போய், “கொஞ்சம் மேல பாரு” என்றேன். இமையை இழுத்தேன். என் மகளின் கண்ணை விட மோசம்.

தலைமை ஆசிரியரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நாலு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். டாக்டர் அம்மா சிறுமியின் இமையைப் பார்த்துவிட்டு, மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்று விசாரித்தார். சொன்னேன். நான் அம்மாக்காரியிடம் கத்தியதை விடப் பலமாக அவர் என்னிடம் கத்தினார். ஒரு பிள்ளையைக் கூட்டி வரும்போதே வீட்டில் மற்றவர்களைப் பார்க்கத் தோன்றவில்லையா, படித்தவள்தானே என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் அம்மாக்காரியை உட்காரச் சொன்னார்.

நாலு சீட்டு எழுதினார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மாக்காரி என்னைக் கேட்டாள்:

“இப்ப ஆளுக்கு ஒண்ணா திங்கலாங்களா டீச்சர்?”

“ஆளுக்கு ஒண்ணு. தெனமும்” என்றேன்.

“காப்பியோட வேணாம்னு சொன்னீங்கல்ல, அது எங்களுக்குக் கஷ்டம் இல்லைங்க” என்றாள். “நாங்க காப்பி குடிக்கிறது இல்ல.”